ஐம்பதிலும் வளையும்

‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?’ தமிழ்ப்பள்ளியில் படித்த எவரும் இந்தப் பழமொழியை மறந்திருக்க முடியாது. பொருளை மனனம் செய்தோம். சூழலுக்கு ஏற்ற பழமொழியைத் தேர்ந்தெடுக்கச் சொன்ன கேள்விக்கு விடையெழுதி மதிப்பெண்ணும் பெற்றோம். ஆனால், அது எல்லா இடத்திற்கும் பொருந்துமா என்று அன்று நாம் யாரும் கேட்டதில்லை. இன்று அதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். காரணம், நம் வீட்டுப் பெரியவர்கள் இந்தப் பழமொழியைத் தங்களுக்கே பொருத்திக்கொண்டு, கணினி, திறன்பேசி என்று எது வந்தாலும் ஓரமாக ஒதுங்கி நிற்கிறார்கள்.

“எனக்கு இதெல்லாம் வராதுய்யா.” “இந்த வயசுக்கு மேல படிச்சு என்ன ஆகப் போகுது?” “நீயே பார்த்துச் செஞ்சிடு லா.” இந்த மூன்றில் ஒன்றையாவது வீட்டில் கேட்காத மாணவர் நம்மிடையே இருக்க மாட்டார். பல்கலைக்கழக விடுமுறைக்கு ஊர் திரும்பும் ஒவ்வொருவருக்கும் பையை இறக்கி வைத்த கையோடு ஒரு கைப்பேசி நீட்டப்படுகிறது. மின்கட்டணம் கட்ட வேண்டும், ஏதோ ஒரு கடவுச்சொல் மறந்துவிட்டது, படம் திறக்கவில்லை. நாமும் இரண்டு நிமிடத்தில் முடித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அடுத்த விடுமுறைக்கும் அதே கைப்பேசி, அதே கேள்வி.

பெரியவர்களின் இந்தத் தயக்கம் திறமைக் குறைவால் வருவது அன்று, கூச்சத்தால் வருவது என்பதே என் கருத்து. அந்தக் கூச்சத்தைப் போக்கும் பொறுப்பில் பாதிக்கு மேல் கற்றுக்கொடுப்பவரிடம் இருக்கிறது. தமிழ்ப்பள்ளியிலிருந்து புறப்பட்டு வந்த நமக்கு அந்தப் பொறுப்பை ஏற்கும் தகுதி மற்றவர்களைவிட ஒரு படி அதிகம் என்றும் நம்புகிறேன். ஏன் என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

விலகி நிற்க முடியாத காலம்

ஒரு காலத்தில் கணினி தெரியாமலேயே ஒருவர் நிம்மதியாக வாழ்ந்து முடிக்க முடிந்தது. அந்தக் காலம் மலையேறிவிட்டது. 2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்ததை நாம் மறக்கவில்லை. அதே ஆண்டில் மைசெஜாத்ரா செயலி அறிமுகமானது. கடைக்குள் நுழைவதற்கே கைப்பேசியை நீட்ட வேண்டிய நிலை வந்தது. 2021-இல் தடுப்பூசித் திட்டம் தொடங்கியபோது, முதலில் பாதுகாக்கப்பட வேண்டியவர்கள் முதியவர்கள்தாம். ஆனால், பதிவு செய்வதற்கு முதன்மையான வழியாக இருந்ததோ அவர்களில் பலருக்குத் தெரியாத ஒரு செயலி. பிள்ளைகள் உடன் இருந்தவர்கள் தப்பித்தார்கள். இல்லாதவர்கள் யாரையாவது தேடி ஓடினார்கள்.

பெருந்தொற்று ஓய்ந்தது, அது கொண்டுவந்த பழக்கம் ஓயவில்லை. சும்பாங்கான் துனாய் ரஹ்மா எனும் அரசாங்க உதவித்தொகைக்கு இணையம் வழி விண்ணப்பிக்கிறோம். ஊழியர் சேமநிதிக் கணக்கைச் செயலியில் பார்க்கிறோம். வாகனமோட்டும் உரிமமும் கைப்பேசிக்குள் வந்துவிட்டது. பசார் மாலாம் கடையில் அப்பம் விற்பவரும் கட்டம் போட்ட குறியீட்டு அட்டை ஒன்றைத் தொங்க விட்டிருக்கிறார். தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 2013 முதல் 60. அப்படியானால், 50 வயதில் “இனி எனக்கு எதற்கு?” என்று கேட்கும் ஒருவருக்கு வேலையிடத்திலேயே இன்னும் பத்தாண்டுகள் பாக்கி இருக்கின்றன. அதற்குப் பிறகும் வாழ்க்கை இருக்கிறது.

இதில் வசதியைவிடப் பெரிய ஒன்று அடங்கியிருக்கிறது. எங்கள் குடியிருப்பில் தனியாக வசிக்கும் ஒரு பாட்டி, உதவித்தொகை வரும் காலத்தில் தம் அடையாள அட்டையையும் கைப்பேசியையும் ஒரு கடைக்காரப் பையனிடம் கொடுத்துவிட்டு வெளியே நாற்காலியில் காத்திருப்பார். அவன் ஒவ்வொரு முறையும் பத்து வெள்ளி வாங்கிக்கொள்வான். பத்து வெள்ளி பெரிதல்ல. அவன் கைப்பேசியில் என்ன செய்கிறான், எந்த எண்ணைப் பார்க்கிறான், எதற்கு ‘சரி’ என்று அழுத்துகிறான் என்பது பாட்டிக்குத் தெரியாது. அவன் நல்லவனாக இருந்தால் நல்லது. ஒருவரின் பணமும் பெயரும் இன்னொருவரின் நல்ல மனத்தை மட்டுமே நம்பியிருப்பது எவ்வளவு பெரிய ஆபத்து! வாழ்நாள் முழுவதும் தம் உழைப்பில் நிமிர்ந்து நின்ற ஒருவர், கடைசிக் காலத்தில் தம் பணத்தைப் பற்றித் தாமே அறிய முடியாமல் போவதைத்தான் நான் பெரிய இழப்பாகக் கருதுகிறேன்.

வராது என்று சொன்னது யார்?

நம் தாத்தா பாட்டிமார்களில் பலர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். பால்மரம் வெட்டுவது வெறும் உடலுழைப்பு என்று நினைப்பவர்கள் அந்த வேலையை அறியாதவர்கள். கத்தி சற்று ஆழமாகப் போனால் மரத்தில் காயம் விழும். மேலோட்டமாகச் சீவினால் பால் குறையும். விடியற்காலை இருட்டில், தலையில் கட்டிய விளக்கொளியில், மரத்துக்கு மரம் அந்த ஆழத்தைக் கை கணக்கிட்டுச் சீவ வேண்டும். பிறகு தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. நீண்ட கம்பின் நுனியில் கட்டிய அரிவாளால் குலை வெட்டவும் அதே மக்கள் கற்றுக்கொண்டார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு நகரத்திற்கு வந்தபோது, நாற்பது வயதைக் கடந்த பெண்கள் தொழிற்சாலை இயந்திரங்களின் முன்னால் நின்று புதிய வேலை பழகினார்கள். ஒரே ஆயுளில் மூன்று தொழில்களைக் கற்ற தலைமுறை அது. அவர்களைப் பார்த்து “உங்களுக்குப் புதிதாக எதுவும் வராது” என்று சொல்ல நமக்கு எப்படி வாய் வருகிறது?

கணினித் தமிழின் வரலாறும் இதையே சொல்கிறது. சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி 1946-இல் பிறந்தவர். தமிழாசிரியர், சிறுகதை எழுத்தாளர் என்று அறியப்பட்டவர். 1995-ஆம் ஆண்டு அக்டோபரில் சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகளைத் தாங்கிய இணையத்தளம் தொடங்கப்பட்டபோது, அதில் தமிழ் எழுத்து இடம்பெற உழைத்தவர் அவரே. இணையத்தில் தமிழ் அடியெடுத்து வைத்த தொடக்க நிகழ்வுகளுள் ஒன்று அது. அப்போது அவருக்கு வயது 49. 1997-இல் சிங்கப்பூரில் தமிழ் இணையக் கருத்தரங்கம் நடைபெறவும் முன்னின்றார். 1999-இல் மறைந்தார். ஐம்பதை எட்டும் வயதில் ஒரு தமிழாசிரியர் “கணினி எனக்கு எதற்கு?” என்று கேட்டிருந்தால், நம் மொழி இணையத்திற்குள் நுழைந்த கதை வேறு விதமாக இருந்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

ஜப்பானில் மசாகோ வாக்காமியா என்ற அம்மையார் இருக்கிறார். 1935-இல் பிறந்தவர். வங்கியில் வேலை பார்த்தவர். ஓய்வு பெறும் காலத்தில்தான் முதல் கணினியை வாங்கினார். முதியவர்கள் விரும்பி விளையாடும் வகையில் கைப்பேசி விளையாட்டுகள் இல்லையே என்று எண்ணி, தாமே நிரல் எழுதக் கற்றுக்கொண்டார். ஜப்பானியப் பொம்மைத் திருவிழாவின் பொம்மைகளை முறைப்படி அடுக்கி வைக்கும் ‘ஹினாடான்’ என்ற விளையாட்டை 2017-இல் வெளியிட்டார். அப்போது அவருக்கு 81 வயது. அதே ஆண்டு ஆப்பிள் நிறுவனத்தின் நிரலாளர் மாநாட்டிற்கு அழைக்கப்பட்டார்.

எல்லாரும் வாக்காமியா ஆக வேண்டியதில்லை. என் அத்தை ஒரு தையற்காரர், வயது 57. நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் கடை மூடப்பட்டபோது, ரவிக்கைக்கு அளவு கொடுக்க யாரும் நேரில் வர முடியவில்லை. அதுவரை கைப்பேசியை அழைப்பதற்கும் அழைப்பை எடுப்பதற்கும் மட்டுமே வைத்திருந்தவர், புலனத்தில் துணியின் படத்தை அனுப்பவும், பழைய ரவிக்கையை அளவெடுத்துச் சொல்லும்படி வாடிக்கையாளரிடம் கேட்கவும் பழகினார். இன்று அவருடைய தையல் இயந்திரத்தின் பக்கத்தில் பணம் பெறும் குறியீட்டு அட்டை ஒட்டியிருக்கிறது. தேவை வந்ததும் அவருக்குக் கற்க முடிந்தது. அதற்கு முன்னும் முடிந்திருக்கும். முயன்று பார்க்கத்தான் துணிவு வரவில்லை.

தயக்கத்தின் உண்மைப் பெயர்

அந்தத் துணிவு ஏன் வரவில்லை? இதற்கு விடை தேட நாம் வெகுதூரம் போக வேண்டாம். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் படித்துவிட்டுத் தேசிய இடைநிலைப்பள்ளியில் காலடி வைத்த முதல் வாரத்தை நினைத்துப் பார்த்தாலே போதும்.

2017-இல் நான் படிவம் ஒன்றில் நுழைந்தேன். கணிதம் எனக்குப் பிடித்த பாடம். பகா எண் என்றால் என்ன என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால், ஆசிரியர் ‘நொம்போர் பெர்டானா’ என்று சொல்லி விளக்கம் கேட்டபோது வாய் திறக்கவில்லை. கேட்டது பகா எண்தான் என்று தெரிந்துகொள்ளவே அந்தப் பாடவேளை முழுவதும் ஆயிற்று. அதன் பிறகும் கை உயரவில்லை. மலாய் உச்சரிப்பைக் கேட்டுப் பின் வரிசையில் யாராவது சிரித்துவிட்டால்? அறிவு இருந்தது, அதை வெளிப்படுத்தும் மொழி கையில் இல்லை. சிரிப்புக்கு அஞ்சி வாயை மூடிக்கொண்ட பிள்ளையைப் பார்த்து, “இதற்குக் கணக்கு வராது” என்று முடிவு கட்டுவது எவ்வளவு எளிது! நம்மில் பலர் இந்த நிலையைக் கடந்துதான் பல்கலைக்கழகம் வந்திருக்கிறோம்.

நம் பெற்றோரும் தாத்தா பாட்டியும் கைப்பேசியின் முன்னால் இருப்பது ஏறக்குறைய அதே நிலையில்தான். பணத்தை எப்படி நிர்வகிப்பது என்று அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். கடிதம் எழுதத் தெரியும். எது முக்கியம், எது குப்பை என்று பிரிக்கத் தெரியும். தெரியாதது அந்தத் திரையின் மொழி மட்டுமே. அந்த மொழி பெரும்பாலும் ஆங்கிலத்திலோ மலாயிலோ இருக்கிறது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவர்களுக்கு அது இரட்டைச் சுமை. இதற்கு மேல், தம்மால் வளர்க்கப்பட்ட பிள்ளையிடமே போய், “இது என்ன?” என்று மூன்றாவது முறையாகக் கேட்க வேண்டும். பிள்ளை பெருமூச்சு விட்டால் அந்த நொடியோடு பாடம் முடிந்துவிடும். “எனக்கு வராதுய்யா” என்பதற்குப் பல நேரங்களில், “என்னைப் பார்த்துச் சிரிக்காதே” என்றே பொருள்.

இந்தக் கூச்சத்தை உடைத்த ஒருவரை நான் வகுப்பறையில் கண்டிருக்கிறேன். 2020-இல் நான் படிவம் நான்கு. எங்கள் வரலாற்று ஆசிரியை ஒரு மலாய்க்காரர். ஓய்வு பெற இரண்டே ஆண்டுகள் இருந்தன. இயங்கலை வகுப்பின் முதல் நாளே அவர், “எனக்கு இது புதிது. நான் தடுமாறினால் நீங்கள்தான் சொல்ல வேண்டும்” என்று மலாயில் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். ஒலிவாங்கியைத் திறக்க மறந்தார், சொன்னோம். தவறான பக்கத்தைக் காட்டினார், சொன்னோம். சில வாரங்களில் புதிர்ப் போட்டிகளைத் தாமே தயாரித்து எங்களைத் திணறடித்தார். தெரியாது என்று அவர் முதலில் சொன்னதால் எங்களுக்குச் சிரிக்க ஒன்றும் மிஞ்சவில்லை. கற்றுக்கொள்ளத்தான் அவருக்கு எல்லா வழியும் திறந்திருந்தது.

கருவியையும் கொஞ்சம் குறை சொல்லலாம்

எல்லாப் பழியையும் மனிதர்மீது போடுவதும் நியாயமன்று. பழைய தட்டச்சு இயந்திரத்தில் ஒரு விசைக்கு ஒரு வேலை. இன்று அழுத்தினாலும் பத்தாண்டு கழித்து அழுத்தினாலும் அதே எழுத்து விழும். தையல் இயந்திரமும் அப்படித்தான். திறன்பேசியில் அதே இடத்தைத் தொட்டால், எந்தப் பக்கத்தில் இருக்கிறோம் என்பதைப் பொறுத்து வெவ்வேறு வேலை நடக்கிறது. மெதுவாகத் தொட்டால் ஒன்று, அழுத்திப் பிடித்தால் வேறொன்று. நேற்று இருந்த குறி, செயலியைப் புதுப்பித்ததும் இன்று வேறு இடத்தில் இருக்கிறது. சிறு வயதிலேயே பழகிய நமக்கு இது இயல்பு. ஒரு முறை கற்றால் என்றும் மாறாத கருவிகளோடு வாழ்ந்தவர்களுக்கு இது காலடியில் தரை நகர்வது போன்றது.

உடலும் ஒரு காரணம். தொடுதிரை, விரலில் உள்ள நுண்ணிய மின் தன்மையை உணர்ந்து வேலை செய்கிறது. உலர்ந்துபோன, காய்ப்பேறிய விரலைச் சில திரைகள் சரியாக உணர்வதில்லை. பல்லாண்டுகள் கத்தி பிடித்த கையின் ரேகை தேய்ந்து, கைரேகை அடையாளமும் சில வேளைகளில் தோற்றுப்போகிறது. வயதானவர் விரலை எடுக்கச் சற்றுத் தாமதித்தாலும் திரை அதை ‘அழுத்திப் பிடித்தல்’ என்று எண்ணிக்கொண்டு, அவர் கேட்காத ஒரு பட்டியலைக் காட்டுகிறது. அவரோ தாம் ஏதோ கெடுத்துவிட்டதாகப் பதறுகிறார்.

இவற்றில் பலவற்றுக்குத் தீர்வு கைப்பேசிக்குள்ளேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அமைப்புப் பகுதியில் எழுத்தைப் பெரிதாக்கலாம். அழுத்திப் பிடிக்கும் கால அளவை நீட்டலாம். விரலால் தள்ளித் திரும்பும் முறைக்குப் பதிலாக, திரையின் அடியில் மூன்று பொத்தான்கள் எப்போதும் தெரியும்படி வைக்கலாம். திரையின் மொழியையே தமிழுக்கு மாற்றலாம். தமிழில் பேசினால் எழுத்தாக மாறும் வசதியைக் கூகுள் 2017-இல் கொண்டுவந்தது. இவற்றைச் செய்து கொடுக்கப் பத்து நிமிடம் போதும். நம்மில் எத்தனை பேர் செய்து கொடுத்திருக்கிறோம்?

கையைக் கட்டிக்கொண்டு கற்றுத் தருவோம்

கற்றுத் தருவதற்கு நான் கண்டறிந்த முதல் விதி, கையைக் கட்டிக்கொள்வது. கைப்பேசி அவர் கையிலேயே இருக்க வேண்டும். நாம் வாயால் மட்டுமே வழிகாட்ட வேண்டும். அதைப் பிடுங்கி நாமே செய்து காட்டினால் வேலை முடியும், பாடம் முடியாது. விரல் வேகத்தைப் பார்த்து அவர் வியப்பார், அவ்வளவுதான்.

இரண்டாவது, முன்னேறுவதற்கு முன் திரும்பக் கற்றுத் தர வேண்டும். எங்கே போய் மாட்டிக்கொண்டாலும் எந்தப் பொத்தானை அழுத்தினால் முகப்புக்கு வரலாம் என்பதே முதல் பாடம். நீந்தக் கற்பவருக்குக் கரை எங்கே என்று தெரிந்துவிட்டால் பாதி அச்சம் போய்விடும் அல்லவா?

மூன்றாவது, அவர் விரும்பும் இடத்திலிருந்து தொடங்க வேண்டும். என் பாட்டிக்கு 76 வயது. அவருக்கு மின்கட்டணம் கட்டுவதில் எந்த ஆர்வமும் இல்லை. ஆனால், மின்னல் வானொலியைக் கைப்பேசியில் கேட்கலாம் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அடுத்து, ஜொகூரில் இருக்கும் பேத்திக்குக் குரல் பதிவு அனுப்பக் கற்றார். ஒலிவாங்கிக் குறியை அழுத்திப் பிடித்தே பேச வேண்டும் என்பது அவருக்குச் சிரமமாக இருந்தது. விரல் நழுவியதும் பதிவு பாதியிலேயே போய்விடும். அந்தக் குறியை மேலே தள்ளினால் அது பூட்டிக்கொள்ளும், கையை எடுத்துவிட்டு நிதானமாகப் பேசலாம் என்று தெரிந்த பிறகு, இப்போது ஐந்து நிமிடத்திற்குக் குறைந்து அவர் பேசுவதில்லை.

நான்காவது, குறிப்பேடு. படிகளை அவரே தம் கையால், தம் சொற்களில் தமிழில் எழுதிக்கொள்ள வேண்டும். ‘பச்சைப் பொம்மையைத் தொடு, கீழே போ, பல்சக்கரத்தைத் தொடு’ என்று எழுதினாலும் சரிதான். கலைச்சொல் பிறகு வரட்டும். நாம் விடுமுறை முடிந்து திரும்பிய பின் அந்தக் குறிப்பேடுதான் ஆசிரியர்.

பணம் சார்ந்தவற்றைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம். அப்போது ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்: கைப்பேசிக்கு வரும் உறுதிப்படுத்தும் எண்ணை யார் கேட்டாலும், அது பெற்ற பிள்ளையின் குரலாகவே ஒலித்தாலும், தொலைபேசியில் சொல்லக்கூடாது.

இரண்டு மறுப்புகள்

“மோசடிகள் மலிந்த காலத்தில் பெரியவர்களை ஏன் இதற்குள் இழுத்துவிட வேண்டும்?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால், மோசடிக்காரன் செயலி தெரிந்தவர்களை மட்டும் தேடி வருவதில்லை. காவல்துறை அதிகாரி என்றும் வங்கி அலுவலர் என்றும் சொல்லிக்கொண்டு சாதாரணத் தொலைபேசியிலேயே அழைக்கிறான். தம் கணக்கைத் தாமே பார்க்கத் தெரிந்தவர், பணம் குறைந்தால் அன்றே அறிவார். 2022-இல் தொடங்கப்பட்ட தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் 997 என்ற எண்ணை உடனே அழைப்பார். கணக்கை மற்றவரிடம் ஒப்படைத்தவருக்குச் செய்தியே பல நாள் கழித்துத்தான் எட்டும். அறியாமை ஒருபோதும் பாதுகாப்பு ஆகாது.

“முகப்பிடங்களை மூடிவிட்டு முதியவர்களைக் கட்டாயப்படுத்துவது சரியா?” என்பது இரண்டாவது கேள்வி. சரியன்று. பார்வை மங்கியவர்களும் கை நடுங்குபவர்களும் விருப்பமில்லாதவர்களும் மனித முகத்தைப் பார்த்துப் பேசும் முகப்பிடம் கட்டாயம் இருக்க வேண்டும். கற்பது ஒருவருக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமையைத் தர வேண்டும்; தண்டனையாக இருக்கக்கூடாது. வேண்டாம் என்று விலகுபவரும், வராது என்று ஒதுங்குபவரும் ஒன்றல்லர். முன்னவரின் முடிவை மதிப்போம். பின்னவருக்குக் கை கொடுப்போம்.

நம் தயக்கத்தையும் பேசுவோம்

பெரியவர்களின் தயக்கத்தைப் பற்றி இவ்வளவு பேசும் நம்மிடம் தயக்கமே இல்லையா? நம் மாணவர் குழுக்களின் புலன உரையாடல்களைப் புரட்டிப் பாருங்கள். தமிழ் பெரும்பாலும் ரோமன் எழுத்தில்தான் நடமாடுகிறது. “தமிழ் விசைப்பலகை பழக்கமில்லை”, “நேரம் ஆகும்”, “யார் போய் அதைக் கற்பது?” இந்தச் சொற்கள் எங்கோ கேட்டவை போல் இல்லையா? நம் அம்மாக்கள் சொல்வதும் இதுதானே! இருபது வயதிலும் தயக்கம் வரும். அதற்கு வயது ஒரு காரணமே அன்று என்பதற்கு நாமே சான்று.

இத்தனைக்கும் நமக்கு வழி செம்மையாகப் போடப்பட்டிருக்கிறது. ஒருங்குறியில் தமிழ் 1991-லேயே இடம்பெற்றுவிட்டது. முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் நாட்டவர். 2001-இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரிலேயே நடைபெற்றது. கைப்பேசியில் தமிழில் குறுஞ்செய்தி அனுப்ப ‘செல்லினம்’ 2005-இல் வெளிவந்தது. நம் மண்ணில் விளைந்த கருவியை நாமே தொடத் தயங்கும்போது, பாட்டியின் தயக்கத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடும் உரிமை நமக்கு இல்லை.

ஆகவே, நம் மொழிக் கழகத்தின் முன் ஒரு பரிந்துரையை வைக்கிறேன். ஒவ்வொரு தவணையிலும் ஒரு கோயில் மண்டபத்தையோ தமிழ்ப்பள்ளி வகுப்பறையையோ நான்கு சனிக்கிழமைகளுக்குக் கேட்டுப் பெறுவோம். பத்துப் பெரியவர்கள், பத்து மாணவர்கள், ஒருவருக்கு ஒருவர். பாடம் முழுவதும் தமிழில். அவரவர் கைப்பேசி, அவரவர் குறிப்பேடு. அரசாங்கத்தின் ‘நாடி’ மையங்கள் பல வட்டாரங்களில் கணினிப் பயிற்சிகளை நடத்துகின்றன. அவற்றோடு இணைந்து செயல்படலாம். சிங்கப்பூரில் 2020 முதல் மூத்தோருக்கு மின்னிலக்கத் திறன்களைக் கற்றுத்தரும் இயக்கம் நடந்து வருகிறது. அதன் அனுபவத்திலிருந்தும் கற்கலாம். நமக்குத் தேவையானது பெரிய செலவன்று. பொறுமையுள்ள பத்துப் பேர்.

இதில் நமக்கும் வரவு உண்டு. அந்தப் பத்துப் பெரியவர்களில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவராவது இருப்பார். ஒற்று எங்கே மிகும், லகர ளகர ழகரத்தில் எது எங்கே வரும் என்று அவருக்குத் தெரியும், விசைப்பலகை தெரியாது. நமக்கு விசைப்பலகையைப் பழகுவது எளிது; ஒற்றில்தான் தடுமாறுகிறோம். இருவரும் ஒரே மேசையில் அமர்ந்து, ஒருவர் சொல்ல ஒருவர் தட்டச்சு செய்து, பிறகு இடம் மாறி அமர்ந்தால், அந்தத் தோட்டத்தின் வரலாறோ அந்தப் பள்ளியின் வரலாறோ தமிழில் பதிவாகிவிடும். அது நம் அடுத்த ஆண்டு மலரிலேயே இடம்பெறலாம்.

முன்னாள் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்களில் பலர் இப்போது நாற்பதையும் ஐம்பதையும் தொட்டிருப்பீர்கள். செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, அலுவலகத்தில் இளையவர்கள் வேகமாகச் செய்கிறார்கள் என்ற தயக்கம் உங்களுக்கும் இருக்கலாம். தெரியாது என்று முதலில் சொல்லிவிடுங்கள், கேளுங்கள். கேட்பவர் முன்னால் எங்களுக்குச் சிரிப்பு வராது, மதிப்புத்தான் வரும்.

ஐந்தில் வளைவது எளிது என்பதை நான் மறுக்கவில்லை. ஐம்பதில் வளையாது என்பதை மட்டுமே மறுக்கிறேன். வளைப்பவர் அவசரப்பட்டால் எந்த வயதுக் கிளையும் ஒடியும். பொறுமையாகப் பிடித்தால், ஐம்பதென்ன, எழுபத்தாறிலும் வளையும். இந்த விடுமுறையில் வீட்டில் கைப்பேசி நீட்டப்படும்போது, அதை வாங்காதீர்கள். பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, “நீங்களே தொடுங்கம்மா, நான் சொல்றேன்” என்று தொடங்குங்கள்.